சபாபதி கேட்காமல் விட்ட ‘அப்புறம்’

கடலூரில் இருக்கிற அந்தக் கால்நடை நோய் ஆய்வகத்துக்கு மாட்டின் ரத்தம் வரும், சாணம் வரும், செத்த ஆட்டின் ஈரல் ஐஸ் பெட்டியில் வரும். உண்மை மட்டும் தானாக வராது. அதைச் சபாபதிதான் போன் போட்டு வரவழைக்க வேண்டும்.

அவர் டாக்டர் இல்லை. இருபத்திரண்டு வயதில் அங்கே பாட்டில் கழுவுகிற வேலைக்குச் சேர்ந்தவர். கழுவிக்கொண்டே பரீட்சை எழுதி, எழுதிக்கொண்டே கழுவி, கடைசியில் லேப் டெக்னீஷியன் ஆனார். இப்போது ஐம்பத்து நாலு வயது. கண்ணாடித் துண்டில் சாயம் ஏற்றுவதில் கை சுத்தம். ஆனால் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அந்தக் கை இல்லை, வாய்.

ஆய்வகத்துக்கு வருகிற ஒவ்வொரு பெட்டியோடும் ஒரு தாள் வரும். மாடு யாருடையது, எப்போது நோய் கண்டது, என்ன தின்றது என்று எழுதியிருக்கும். பாதி இடம் காலியாக இருக்கும், மீதிப் பாதியில் ‘தெரியவில்லை’ என்று இருக்கும். சபாபதி அந்தத் தாளை நம்புகிற ஜாதி இல்லை. உடனே மாட்டுக்காரரைப் போனில் பிடிப்பார். என்னம்மா, ஏதம்மா என்று ஊர்க்கதையில் ஆரம்பித்து, மெதுவாக மாட்டுக்கு வந்து, அவர்கள் எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு ஒரே ஒரு வார்த்தை போடுவார்: “அப்பறம்?”

அங்கேதான் விஷயம் இருக்கும். ஒருமுறை பெண்ணாடத்துப் பக்கம் ஒரே வீட்டில் மூன்று ஆடுகள் ஒரே நாளில் செத்தன. துள்ளுமாரி என்கிற ஆட்டு நோயாக இருக்கும் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். சபாபதி பதினைந்து நிமிஷம் பேசினார். புல்தான் போட்டோம், தண்ணிதான் வைத்தோம் என்று அந்த அம்மா அடித்துச் சொன்னாள். இவர் “அப்பறம்?” என்றார். “அப்பறம் ஒண்ணும் இல்ல சார். கல்யாண வூட்டுல ரெண்டு குண்டான் சோறு மீந்துது. வீணாப் போவுதேன்னு ஆட்டுக்கு வச்சோம்.” வயிற்றில் சோறு புளித்துத்தான் மூன்றும் போயிருந்தன.

மாட்டுக்காரர்கள் பொய் சொல்வதில்லை. தாங்கள் செய்தது தப்போ என்று பயம் இருக்கிற இடத்தை மட்டும் கடைசிக்குத் தள்ளி வைப்பார்கள். அது சபாபதிக்குத் தெரியும். ஆய்வகத்துத் தலைமை டாக்டர் ஸ்ரீமதி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்: “எங்க மைக்ராஸ்கோப்ப விட இவரு போனுக்குத்தான் பவர் ஜாஸ்தி.” இதைக் கேட்கும்போது சபாபதி குனிந்து மேசையைத் துடைப்பார். பணிவு ஒன்றும் இல்லை, சிரிப்பை மறைக்கத்தான். அந்த விஷயத்தில் மனிதருக்குத் தலைக்கனம் உண்டு.

அவருக்கு ஒரே தங்கை, மலர்க்கொடி. பிறந்த ஊரான காடாம்புலியூரிலேயே வாக்கப்பட்டவள். புருஷன் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஒரே மகள் சுவாதியைச் சிதம்பரத்தில் கட்டிக் கொடுத்துவிட்டு, முந்திரிக் கொட்டை உடைக்கிற வேலைக்குப் போய்க்கொண்டு தனியாக இருந்தாள். முந்திரித் தோட்டில் ஒரு பால் இருக்கிறது, பட்ட இடம் வெந்துபோகும். உடைக்கிற பெண்கள் எவ்வளவு எண்ணெய் தடவிக்கொண்டாலும் விரல் நுனியும் உள்ளங்கையும் வெடித்துத்தான் கிடக்கும். மலர்க்கொடியின் கையும் அப்படித்தான். ஆனால் மெலிந்த கை. வளையலைக் கழற்றிவிட்டால் ஒரு செம்புக்குள் அப்படியே போய்வரும்.

அந்தக் கைக்கு ஊரில் ஒரு தேவை இருந்தது. பலா பழுக்கிற காலத்தில் அந்தப் பக்கத்து மாடுகளுக்குக் கொண்டாட்டம். தோலும் சக்கையும் கொட்டையும் தெருவெல்லாம் கிடக்கும். அவசரத்தில் விழுங்குகிற மாட்டுக்குத் தொண்டையில் கொட்டை சிக்கிக்கொள்ளும். மாடு கழுத்தை நீட்டி, எச்சில் ஒழுக நின்றால், டாக்டர் வருவதற்குள் யாராவது மலர்க்கொடியைத்தான் கூப்பிட ஓடுவார்கள். இரண்டு பேர் மாட்டின் வாயைப் பிளந்து பிடிக்க, இவள் முழங்கை வரை உள்ளே விட்டு, கொட்டையைத் தட்டி எடுத்துப் போட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவாள். சித்திரையிலிருந்து ஆனி வரை மாதத்துக்கு ஐந்தாறு மாடாவது இருக்கும். சபாபதிக்கு இதில் பெருமைதான். நாங்கள் இரண்டு பேரும் மாட்டுக்குள் கையை விட்டே பிழைக்கிறோம் என்று சொல்லிச் சிரிப்பார்.

அந்த ஊரில் ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் அவள் போகக்கூடாது என்று உத்தரவு இருந்தது. போட்டவர் சபாபதி. அது அருள்முருகன் வீடு.

ஒன்பது வருஷத்துக்கு முந்தைய கதை அது. அருள்முருகனின் இரண்டு பசுக்கள் ஏழாம் மாதத்திலேயே சினை கலைந்து கன்று வீசின. ரத்தம் ஆய்வகத்துக்கு வந்தது. மாட்டிடமிருந்து மனிதனுக்கும் தொற்றுகிற நோய் என்று முடிவு வந்தது. ஊர்க்காரன், அதுவும் மச்சான் மச்சான் என்று பழகியவன் என்பதால் சபாபதி நேரில் போய், பாலைக் காய்ச்சாமல் குடிக்காதே, யாருக்கும் ஊற்றாதே என்று சொல்லிவிட்டு வந்தார். எப்படியோ விஷயம் பால் சொசைட்டிக்குப் போய், அவன் பாலை வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். சபாபதி சொல்லவில்லை. ஆனால் அருள்முருகன் நம்பவில்லை. அந்த வருஷம் ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். ஊற்றுகிற இடத்தில் சபாபதி நின்றார். அருள்முருகன் சொம்பை நீட்டி வாங்கினான். வாங்கின கையோடு, அத்தனை பேர் பார்க்க, அந்தக் கூழைத் தரையில் கொட்டினான்.

“செத்த மாட்டு மண்டையத் தோண்டற கையி. இந்தக் கையால ஊத்தனத எவன் குடிப்பான்?”

சபாபதி கரண்டியைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். அன்று மாலை தங்கையிடம் சொன்னார்: “அந்த வூட்டு வாசப்படிய நீ மிதிச்சேன்னு என் காதுக்கு வந்துதுன்னா, அன்னையோட எனக்குத் தங்கச்சி இல்ல.”

கோபத்தில் சொல்கிற பேச்சுத்தானே என்று விட்டுவிட முடியாது. சபாபதி சொன்னால் செய்கிறவர். ஒரு கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போனதற்காகப் பெரியப்பா மகனோடு நான்கு வருஷம் பேசாமல் இருந்தவர். அந்த மனிதர் செத்த பிறகுதான் போய் அழுதார். மலர்க்கொடிக்கு அண்ணனை விட்டால் வேறு யாரும் கிடையாது. சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் போன் வரும். அந்தப் பத்து நிமிஷத்துக்காகவே அவள் நாள் முழுக்கப் பேச்சைச் சேர்த்து வைத்திருப்பாள்.

சித்திரை முடிகிற சமயம். காடாம்புலியூர் கால்நடை மருந்தகத்திலிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே ஒரு பசுவின் மூளை. கூட வந்த தாளில் டாக்டர் எழுதியிருந்தார்: எச்சில் ஒழுகல், விழுங்க முடியவில்லை, குரல் கம்மிய கத்தல், நான்காம் நாள் சாவு. உரிமையாளர் பெயர் அருள்முருகன். சபாபதி அந்தப் பெயரைப் படித்தார். தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையுறையை மாட்டினார்.

வேலையில் அவர் குறை வைக்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். மூளையில் எந்த மடிப்பை எடுக்க வேண்டுமோ அதை எடுத்து, கண்ணாடியில் ஒற்றி, சாயம் ஏற்றி, கழுவி, மைக்ராஸ்கோப்பில் வைத்தார். நீலமாகத் தெரிந்த நரம்பு அணுவுக்குள் கருஞ்சிவப்பாக ஒரு புள்ளி. பக்கத்து அணுவில் இரண்டு. டாக்டர் ஸ்ரீமதி வந்து குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்க்கத் தேவை இருக்கவில்லை.

“வெறிநோய்தான். மீதிய சென்னைக்கு அனுப்பிடுங்க. ஆனா அதுக்குக் காத்துக்கிட்டு இருக்க வேணாம். தொட்டவங்க லிஸ்ட் ஒடனே எடுங்க சார்.”

வேறு யாரையாவது போன் பேசச் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தார். என்னால் முடியாது என்று சொல்வது அவருடைய தலைக்கனத்துக்கு ஒத்துவரவில்லை. ஒன்பது வருஷம் கழித்து அந்த நம்பருக்குப் போன் போட்டார்.

“கடலூர் லேப்லேருந்து பேசறோம். அருள்முருகனா?”

அவனுக்குக் குரல் தெரிந்துவிட்டது. “ஆமா... சார்.”

“ஒங்க மாட்டுக்கு வெறிநோய். நாய் ஏதாவது கடிச்சிருக்கும். கறந்தவங்க, எச்சி பட்டவங்க, பச்சப் பால் குடிச்சவங்க எல்லாரும் இன்னைக்கே தடுப்பூசி ஆரம்பிக்கணும். பேரச் சொல்லுங்க.”

என்னம்மா ஏதம்மா எதுவும் இல்லை. அருள்முருகன் பெயர்களைச் சொன்னான். அவன், அவன் மனைவி பொன்னி, இரண்டு மகன்கள், மருமகள், பால் வாங்கின பக்கத்து வீட்டு மூன்று பேர், வாயைப் பிடித்த இரண்டு பேர். பத்து.

“வாயில கைய விட்டது யாரு?”

“நான்தான் சார் மொதல்ல வுட்டேன். பலாக்கொட்டதான் சிக்கிருக்குன்னு நெனச்சோம். அப்பறம்...”

நின்றுவிட்டான். பின்னால் பொன்னி ஏதோ மெதுவாகச் சொல்வது கேட்டது. முப்பது வருஷமாகச் சபாபதி தோண்டித் தோண்டி எடுக்கிற வார்த்தை. அந்த ஆளே கொண்டுவந்து கையில் வைத்தான். வேறு யார் வீட்டு மாடாக இருந்திருந்தாலும் சபாபதி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். அன்று அவர் பேனாவை மூடினார்.

“சரி. பத்துப் பேரும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. லிஸ்ட் நான் அனுப்பிடறேன்.”

போனை வைத்துவிட்டார். மொத்தம் மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. தாளின் அடியில் ‘விசாரித்தவர்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் ஐந்து மணிக்குத் தங்கையைக் கூப்பிட்டார். அன்று அவர் குரலில் ஒரு தெம்பு இருந்தது. அடுத்தவன் மாடு செத்ததில் சந்தோஷப்படுகிற மனிதர் இல்லை அவர். ஆனாலும் எந்தக் கையைப் பழித்தாயோ அந்தக் கையையே தேடி வந்தாயா, பார் என்று உள்ளே ஒரு ஓரத்தில் இருந்தது. இதைப் பிற்பாடு அவரே சொல்லித்தான் தெரியும்.

“மலரு, சேதி கேட்டியா? கூழக் கொட்டுனானே, அவன் வூட்டு மாடு வெறிநோய்ல போயிருக்குது.”

“ம்... பேசிக்கிட்டாங்கண்ணே” என்றாள்.

“அந்தப் பக்கம் தல வச்சும் படுக்காத.”

“நான் ஏண்ணே போறேன்?” பிறகு அவளே கேட்டாள்: “ஏண்ணே, அந்த மாட்டு எச்சி கையில பட்டா ஏதாவது ஆவுமா? கடிக்கல. எச்சி மட்டும் பட்டா?”

முன்பின் தெரியாத ஆள் இதைக் கேட்டிருந்தால் சபாபதி கால் மணி நேரம் விளக்கியிருப்பார். கையில் புண் இருந்ததா, சோப்புப் போட்டுக் கழுவினாயா, எத்தனை நிமிஷம் கழுவினாய், எந்தத் தேதி என்று கேட்டிருப்பார். தங்கையிடம் சொன்னது இதுதான்:

“அவன் வூட்டு மாட்டு எச்சிய நெனச்சு ஒனக்கு என்னா வந்துது? பட்டவன் பாத்துக்குவான். அதான் லிஸ்ட் குடுத்தாச்சில்ல.”

“இல்லண்ணே. சும்மாதான் கேட்டேன்.”

பிறகு சுவாதியைப் பற்றிப் பேசினார்கள். ஆனித் திருமஞ்சனத்துக்குத் தேர் பார்க்கச் சிதம்பரம் வரச் சொல்லி மகள் கூப்பிட்டிருப்பதைச் சந்தோஷமாகச் சொன்னாள். போய்ட்டு வா என்றார்.

அந்தப் பத்துப் பேரும் ஊசி போட்டுக்கொண்டார்கள். ஒருவர்கூட ஒரு தவணையைத் தவறவிடவில்லை. சபாபதி தேதி பார்த்துச் சுகாதார நிலையத்துக்குப் போன் போட்டு விசாரித்தார். கடமையில் அவ்வளவு கண்டிப்பு.

ஆனி மாதம். தேருக்கு இரண்டு நாள் இருந்தது. காலை ஒன்பது மணிக்குச் சிதம்பரத்திலிருந்து சுவாதி கூப்பிட்டாள்.

“மாமா, அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல. ஊர்லேருந்து வந்தப்பவே வலது கை மதமதன்னு இருக்குதுன்னு சொல்லிக்கிட்டு இருந்துது. முந்திரிப் பாலு பட்டதுதான்னு விட்டுட்டோம். நேத்துலேருந்து தண்ணி எறங்கல மாமா. டம்ளரப் பக்கத்துல கொண்டு போனாலே தொண்டய இழுத்துக்கிது. ஃபேன் போட்டா நிறுத்து நிறுத்துன்னு கத்துது.”

சபாபதி கையிலிருந்த கண்ணாடித் துண்டை மேசையில் வைத்தார். வைத்தது அவருக்கே தெரியவில்லை.

“நாய் ஏதாவது கடிச்சுதா?”

“இல்ல மாமா.”

“பூனை? பெறாண்டுனதாச்சும்?”

“ஒண்ணும் இல்லையே.”

“அப்பறம்?”

பழக்கத்தில் வந்த வார்த்தை. “அப்பறம் ஒண்ணும் இல்ல மாமா. மாட்டுக்குக் கொட்ட எடுக்கப் போறது ஒண்ணுதான். அது வருசா வருசம் போறதுதானே. ரெண்டு மாசத்துக்கு முன்ன போன்ல சொல்லிச்சு, ஒரு வூட்டு மாட்டுக்குக் கைய விட்டுத் தேடித் தேடிப் பாத்தேன், கொட்டயே தட்டுப்படலடீன்னு.”

தட்டுப்பட்டிருக்காது. அந்தத் தொண்டையில் கொட்டை இருந்தால்தானே தட்டுப்படும்?

அம்மாவை உடனே அண்ணாமலை நகர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போ, நான் வருகிறேன் என்று மட்டும் சொன்னார். டாக்டர் ஸ்ரீமதி என்ன சார் என்று கேட்டதற்கு, “தொட்டவங்க லிஸ்ட்ல ஒரு பேரு விட்டுப் போச்சு மேடம்” என்றார். பஸ் ஏறினார். தேர்க்கூட்டம், நிற்க இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்த மாடு செத்ததிலிருந்து எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணினார். அறுபத்தொன்று வந்தது. அடுத்த ஊருக்குள் மறுபடி எண்ணினார். இந்த நோய் தலைகாட்டிவிட்டால் அதற்கு மருந்து இல்லை என்று ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்த மனிதர் அவர். தெரியாதவனாக இருந்திருந்தால் சிதம்பரம் வரைக்கும் ஒரு நம்பிக்கையோடாவது போயிருப்பார். அதுகூட இல்லாமல் நின்றுகொண்டே போனார்.

தனி அறை. ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி வைத்திருந்தார்கள். அவள் தெளிவாகத்தான் இருந்தாள். இந்த நோயின் கொடுமையே அதுதான், நடுநடுவே நல்ல நினைவு வந்துவிடும். அண்ணனைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து சேலையைச் சரிசெய்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

“ஒனக்குத் தெரிஞ்சிடுச்சாண்ணே?”

“தெரிஞ்சிடுச்சும்மா.”

அவள் முகத்தில் வந்தது பயம். சாவுப் பயம் இல்லை. அண்ணனிடம் பிடிபட்ட பயம்.

“பொன்னிதான் கொல்லப் பக்கமா அழுதுகிட்டு வந்தா. மாடு கத்துன கத்து எங்க வூடு வரைக்கும் கேட்டுது. மனசு கேக்கலண்ணே. வாசப்படிய மிதிக்கல. கொல்ல வழியாத்தான் போனேன். அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்கன்னு நான்தான் அவுங்கள சத்தியம் பண்ணச் சொன்னேன். ஊசி போட்டுக்கச் சொல்லிப் பொன்னி ரெண்டு வாட்டி வந்து கூப்ட்டா. அங்க போனா லிஸ்ட்ல பேரு ஏறும், லிஸ்ட்டு ஒங்கிட்ட வரும்...” மூச்சு வாங்கியது. “கடிக்கலையே, எச்சிதானேன்னு இருந்துட்டேன்.”

சபாபதி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை முழுக்கப் பழைய வெடிப்பு.

“சொல்லியிருந்தா நீ பேசியிருப்பியாண்ணே?”

இல்லை என்பதுதான் உண்மை. ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ பேசாமல் இருந்திருப்பார். ஆனால் அன்றைக்கே இழுத்துக்கொண்டு போய் ஊசி போட்டிருப்பார். பேசாமலே போட்டிருப்பார். அவள் உயிரோடு இருந்திருப்பாள்.

“பேசியிருப்பேன்டா” என்றார்.

அவள் நம்பவில்லை. அண்ணனுக்காகத் தலையாட்டினாள். “அப்பன்னா இப்பப் பேசு. போயிடாத” என்றாள்.

அவர் பேசினார். அப்பா வளர்த்த மாடுகளின் பெயர்களைச் சொன்னார். அவள் சின்னதில் முந்திரிப் பழம் தின்று தொண்டை கட்டிக்கொண்டதைச் சொன்னார். அவளுக்கு இழுப்பு வருகிறபோது நிறுத்திவிட்டு, அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். வெளியே தேரோட்டத்துக்கு வந்த கூட்டத்தின் வண்டிச் சத்தம் ஓயவில்லை. தேர் நிலைக்கு வந்த அன்று பகல் பதினோரு மணிக்கு மலர்க்கொடி போய்விட்டாள். நாற்பத்தேழு வயது.

பிறந்த வீட்டுக் கோடி போடுவது அண்ணனுடைய கடமை. கடலூரில் எத்தனையோ தீபாவளிக்கு அவளுக்குச் சேலை எடுத்த அதே கடையில் ஒரு மாம்பழ நிறச் சேலை எடுத்தார். உடம்பைச் சுற்றிக் கட்டித்தான் கொடுத்திருந்தார்கள், பிரிக்கக்கூடாது. முகத்தைக்கூடப் பார்க்க முடியாமல் கட்டின துணிக்கு மேலேயே சேலையைப் போர்த்தினார். காடாம்புலியூரே திரண்டு வந்திருந்தது. அவள் கையால் பிழைத்த மாடு இல்லாத வீடு அந்தத் தெருவில் இல்லை.

சுடுகாட்டு வேலிக்கு அந்தப் பக்கம், உள்ளே வராமல் அருள்முருகன் நின்றிருந்தான். எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு சபாபதிதான் அவனிடம் போனார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை இரண்டு பேரும் முகத்துக்கு முகம் நின்றார்கள். அருள்முருகன் அழுதுகொண்டே இருந்தான்.

“மச்சான், சத்தியம் பண்ணியிருந்தோம். ஆனா மனசு உறுத்திக்கிட்டே இருந்துது. அன்னைக்கிப் போன்ல ‘அப்பறம்’னு இழுத்தேன். என்னா ஏதுன்னு நீங்க ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லிப்புட்டிருப்பேன். கேப்பீங்கன்னுதான் நிறுத்தனேன். நீங்க போன வச்சிட்டீங்க.”

அவன் குற்றம் சாட்டவில்லை. நடந்ததைச் சொன்னான்.

“கேட்டுது அருளு” என்றார் சபாபதி. “நீ இழுத்தது எனக்கு நல்லாக் காதுல விழுந்துது.”

சொல்லிவிட்டு அந்தப் புழுதியிலேயே உட்கார்ந்துவிட்டார். அருள்முருகன் ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அந்தத் தண்ணீரைப் பார்த்ததும்தான் சபாபதி வாய்விட்டு அழுதார்.

இப்போதும் ஆய்வகத்தில்தான் இருக்கிறார். ஓய்வு பெற இன்னும் சில வருஷம் இருக்கிறது. டாக்டர் ஸ்ரீமதி அந்த மைக்ராஸ்கோப் பாராட்டைச் சொல்வதை நிறுத்திவிட்டார். சாயங்காலம் ஐந்து மணி ஆனால் சபாபதி போனை எடுத்துப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்.

போன வாரம் பரங்கிப்பேட்டைப் பக்கத்திலிருந்து செல்லாயி என்று ஒரு அம்மா கூப்பிட்டாள். அவள் வீட்டுக் கன்றுக்குட்டி ஒன்று செத்து, மருந்தகத்து டாக்டர் அதன் மூளையை அனுப்பியிருந்தார். பேர், ஊர், தேதி எல்லாம் சொன்னாள். யாரும் தொடவில்லை என்றாள். போனை வைக்கிற நேரத்தில், “ஏன் சார், கடிக்காம எச்சி மட்டும் பட்டா ஒண்ணும் ஆவாதில்ல?” என்றாள்.

சபாபதி எழுதுவதை நிறுத்தினார்.

“ஆவும்மா. கடிக்கணும்னே இல்ல. கையில சின்ன வெடிப்பு இருந்தாக்கூடப் போதும். ஆனா இப்ப ஊசி போட்டுக்கிட்டா ஒண்ணும் ஆவாது. யாரு கையில பட்டுது?”

“இல்ல சார். சும்மாதான் கேட்டேன்.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“யாரும் சும்மாக் கேக்க மாட்டாங்கம்மா. யாருக்குத் தெரியக்கூடாதுன்னு பயப்படறியோ, அவுங்களுக்குத் தெரியாமப் பாத்துக்கறேன். நான் வைக்க மாட்டேன். சொல்லு. அப்பறம்?”